முதலில் பார்ப்பவள்

எங்கள் வளாகத்தில் யாரும் என்னிடம் "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது. வாசல் காவலரிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் இந்த விதி உண்டு. காபியா டீயா என்று கேட்க மாட்டார்கள். எது அடுப்பில் இருக்கிறதோ அது வரும். மின்விசிறியைக் கூட்டவா என்று கேட்க மாட்டார்கள். என் பிறந்தநாளை யாரும் நினைவுபடுத்துவதில்லை. புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நாள் என் எதிரில் வாயைத் திறக்கவே தயங்குவார்கள். வேண்டும், வேண்டாம் என்ற இரண்டையும் எடுத்துவிட்டால் பேசுவதற்கு எவ்வளவு குறைவாக மிஞ்சுகிறது என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

என் பெயர் ஹில்டா. வானத்திலிருந்து வந்ததை முதலில் பார்ப்பது என் வேலை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கட்டிடம். கூரைமேல் கவிழாத கிண்ணம்போல ஓர் ஆன்டெனா. பகலில் சுற்றியுள்ள பாத்திகளெல்லாம் கண்ணைக் கூசச் செய்யும். அந்த வெளிச்சத்தில் தூரத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் வெகுநேரம் வந்துகொண்டே இருப்பார்கள். முகம் மட்டும் வராது. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. எனக்குக் கொடுத்த அறையின் சன்னல் மேற்கே பார்த்தது.

இங்கே வருவதற்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றேன். "என்னம்மா வேணும்?" என்று நாள் முழுவதும் கேட்பதுதான் அங்கே என் வேலை. என் கணவர் செலஸ்டின் கடலில் காணாமல் போன பிறகும் கொஞ்ச காலம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பதிலைக் காதில் வாங்காமலே ஏதோ ஒரு சேலையை விரித்துப் போட ஆரம்பித்தேன். என் தங்கை பிலோதான் இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதி, கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

அன்றைக்கு டாக்டர் கோலப்பன் எனக்கு விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. இந்த நிலையத்தின் இயக்குநர் அவர். நாகர்கோவில்காரர். பேசும்போது எதிரில் இருப்பவரின் கைகளைப் பார்த்துப் பேசுவார்.

"கடையில சேலையை ரெண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடிச்சு உதறுவீங்கல்லா? மேலயும் கீழயும் உதறலாம். பக்கவாட்டிலயும் உதறலாம். ஒளியும் அப்படி உதறிக்கிட்டுத்தான் வருது. எல்லாப் பக்கமும் கலந்து உதறினா அதுல சேதி ஒண்ணும் கிடையாது. ஒரே பக்கமா உதறினா, அது புறப்பட்ட எடத்துல என்னமோ ஒழுங்கு இருக்குன்னு அர்த்தம். செத்துப்போன நட்சத்திரத்துக்குள்ள போயா பாக்க முடியும்? அங்கேருந்து வர்ற எக்ஸ் கதிர் எந்தப் பக்கமா உதறுதுன்னு பாக்கலாம். அவ்வளவுதான் வழி."

புத்தகத்தில் இதற்குத் தளவிளைவு என்று பெயர். இங்கே எல்லோரும் உதறல் என்பார்கள். மேலே சுற்றும் செயற்கைக்கோளில் ஓர் உலோகக் கட்டை இருக்கிறது. எக்ஸ் கதிர் அதில் மோதிப் பக்கவாட்டில் சிதறும். சிதறியதை எண்ண நான்கு பக்கமும் பெட்டிகள். செயற்கைக்கோள் மெல்லத் தன்னைத்தானே சுற்றும். ஒரே பக்கமாக உதறிய ஒளி என்றால் எண்ணிக்கை ஏறி இறங்கும்; திரையில் கோடு மேடும் பள்ளமுமாகப் போகும். கலந்து உதறியது என்றால் கோடு மட்டமாக ஓடும்.

"இதுல சங்கடம் என்னன்னா, முதல்ல பாக்குறவங்க மனசுல என்ன ஆசை இருக்கோ, அதுக்குத் தகுந்தாப்புல மேடு வருது."

"கணக்குல தப்பு இருக்கும் சார்" என்றாள் பிலோ.

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம் தங்கச்சி. விடையை மறைச்சு வச்சுப் பாத்தோம். கோணத்தைக் கலைச்சுப் போட்டுப் பாத்தோம். கம்ப்யூட்டரையே பாக்கச் சொன்னோம். கடைசியில ஒரு மனுஷன் பாக்கணுமே. அவன் பாக்குற வரைக்கும் அது எதுவாவும் இல்ல. பாத்துட்டா, அதுதான். அப்புறம் வேற நாட்டுக்காரன் அவன் கருவியை வச்சு அதே நட்சத்திரத்தைப் பாத்தாலும் அதேதான் வருது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்தது. அது அவருக்கே பிடிக்காத விஷயம் என்று தெரிந்தது.

அதனால் ஆசையில்லாத ஆளைத் தேடினார்கள். ஒரு மடத்திலிருந்து துறவி ஒருவர் வந்தார். அவர் பார்த்ததும் கோடு எகிறிக் குதித்ததாம். ஆசையற்றவர் என்று பெயர் வாங்கும் ஆசை. ஓய்வு பெற்ற நீதிபதி வந்தார். வேலை கிடைத்தால் போதும் என்று பலர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சோதனைதான். மேசைமேல் சின்ன எக்ஸ் கதிர் விளக்கு. கலந்த விளக்கு என்பார்கள். அதன் ஒளியில் ஒரு பக்கமும் கிடையாது; கோடு மட்டமாகத்தான் வர வேண்டும். ஆனால் பார்ப்பவரிடம் "மேடு வந்தா இது உங்களுக்கு" என்று ஏதாவது ஒன்றைக் காட்டுவார்கள்.

எனக்குப் பட்டுச்சேலை காட்டினார்கள். ஊரில் வீடு என்றார்கள். பிறகு கோலப்பன் சார் என் கைகளைப் பார்த்தபடி, "செலஸ்டினைப் பத்தி விவரம் விசாரிச்சுச் சொல்றோம்" என்றார்.

கோடு மட்டமாக ஓடியது. மழைக்குப் பிறகு உப்புப் பாத்தியில் தண்ணீர் நிற்பதைப்போல. அறையில் இருந்தவர்கள் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

*

சில ஆண்டுகளாக நான் பார்த்த நட்சத்திரங்களில் ஒன்றும் மேடு காட்டவில்லை. சில சமயம் மயிரிழை அளவுக்கு. பெரும்பாலும் அதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு மட்டக்கோட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தலையை ஆட்டுவேன். யாரோ ஒருவருடைய வாழ்நாள் வேலை அத்துடன் முடிந்துபோகும். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. சோறு வரும், சாப்பிடுவேன். உலகத்து வானியல்காரர்கள் எங்கள் நிலையத்தை நம்பினார்கள். பிரபஞ்சம் நாங்கள் எண்ணியதைவிட அமைதியானது என்று பாடப்புத்தகங்களை மாற்றி எழுதினார்கள்.

அப்படி வேலை முடிந்துபோனவர்களில் ரஹ்மத் நிஷாவும் ஒருவர். காயல்பட்டினத்துப் பெண். கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு வட்டின் ஓரத்தில் ஒளி எப்படி உதறும் என்று இருபது வருடம் கணக்குப் போட்டவர். அவருடைய கருந்துளையை நான் திரையில் திறந்த அன்று வாசலில் காத்திருந்தார். நான் தலையை ஆட்டியதும், "ஒரு பொடி மேடுகூட இல்லையாக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"சரி. வானம் அப்படித்தான்னா அப்படித்தான்." துப்பட்டாவின் நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனார். பிறகு ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கோலப்பன் சாருக்கும் ஒரு நட்சத்திரம் இருந்தது. கடைசியாகத் திறப்பதற்கென்று வைத்திருந்தார். காந்தம் மிகுந்த ஒரு பிணம் என்பார் அதை. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லாத வெறும் வெளிகூட ஒளியைப் பிரித்து ஒரு பக்கமாக உதற வைக்கும் என்பது முப்பது வருடமாக அவர் சொல்லி வருவது. கோடு எழுந்தால் அவர் சொன்னது சரி. எழாவிட்டால் வெறும் வெளி வெறும் வெளிதான். நட்சத்திரத்தின் ஒளி சேர்ந்துகொண்டே இருந்தது. போதுமான அளவு சேர்வதைப் பெட்டி நிறைவது என்பார்கள்; அதற்குக் கொஞ்சம்தான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் சமையலுக்கு இசக்கி வந்தாள்.

பழைய சமையல்காரம்மா மகள் பிரசவத்துக்குப் போக, ஆறுமுகநேரியிலிருந்து வந்தவள் இவள். விதியைச் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். அவள் தலையை ஆட்டியிருப்பாள். அடுப்படியில் நின்றுகொண்டு மேலதிகாரி சொன்னதை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? நான் தண்ணீர் எடுக்கப் போனபோது கையில் ஒரு மாங்காயை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எக்கா, சாள மீன் கொழம்புல மாங்கா போடவா? ஒண்ணுதான் கெடக்கு."

நான் நின்றேன்.

"போடவா, வேண்டாமா? சொல்லுங்க, எண்ண காஞ்சு போச்சு."

யாரோ பூட்டிய வீட்டின் கதவைத் தட்டுவதுபோல இருந்தது. உள்ளே ஆளில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த வீடு. நான் வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து காலடிச் சத்தம் வந்தது.

"போடு" என்றேன்.

"இதுக்குப் போயி இம்புட்டு யோசனையா? என்னமோ ஒங்க சொத்துல பாதியக் கேட்ட மாதிரி முழிக்கியள."

செலஸ்டினுக்குப் புளி போதும். மாங்காய் எனக்குத்தான் பிடிக்கும். சாப்பிடும்போது அந்தக் கொட்டையைச் சப்பிக்கொண்டே இருந்தேன். விட மனமில்லை. "மனமில்லை" என்று எனக்குள் சொல்லிப் பார்த்துப் பயந்துபோனேன்.

மாதம் ஒருமுறை என்னைக் கலந்த விளக்கின் முன் உட்கார வைத்துச் சரிபார்ப்பார்கள். அந்த முறை கோலப்பன் சாருக்குச் சமையலறைச் சேதி எப்படியோ எட்டியிருந்தது. அவர் நேர்மையான மனிதர். அதனாலேயே அதைச் சொன்னார். "மேடு வந்தா மதியம் மாங்கா" என்றார், சிரித்துக்கொண்டே.

கோடு அசைந்தது. கொடியில் காயும் துணியின் விளிம்பை ஒரு விரல் தூக்கிவிட்டதைப்போல.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. விளக்கு மாறவில்லை. கருவி மாறவில்லை. என் நாக்கில் இருந்த ஒரு புளிப்பு, போய்த் திரையில் ஏறியிருந்தது.

*

சாயங்காலமே இசக்கியை அனுப்பிவிட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் சன்னலுக்கு வந்தாள்.

"நான் என்னக்கா பண்ணிட்டேன்? மாங்கா போட்டது ஒரு குத்தமா?"

"ஒன் மேல தப்பு இல்ல இசக்கி."

"இங்க எல்லாரும் ஒரு தினுசாத்தான் இருக்கிய. கோயில்ல சாமிகிட்டகூட இன்னது வேணும்னுதான் கேக்கோம். ஒங்களக் கண்டா அந்தச் சாமிக்கே பேச்சு வராது." பிறகு கொஞ்சம் தணிந்து, "ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

மறுநாள் கோலப்பன் சார் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஹில்டா, பெட்டி நிறையப் போகுது. உங்களை விட்டா எனக்கு ஆள் கிடையாது. நான் பாத்தா மேடு வரும். இங்க இருக்குற யாரு பாத்தாலும் எனக்காக மேடு வரும். அது எனக்கு வேண்டாம். தோத்தாலும் நெசமாத் தோக்கணும்."

"என்னால என்ன சார் செய்ய முடியும்?"

"முன்ன மாதிரி ஆக முடியுமா?"

முடியாவிட்டால் நான் போக வேண்டியதுதான் என்று அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும். பிலோவின் வீட்டில் ஒரு மூலை. காலையில் எழுந்ததும் "அக்கா, தோசையா இட்லியா?" என்ற கேள்வி. அதைவிட, கேள்விகளுக்கெல்லாம் பதில் வைத்திருக்கும், எனக்குள் வந்துவிட்ட இந்தப் புதிய பெண்ணுடன் தனியாக இருப்பது. அவள் மாங்காயோடு நின்றுவிடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோலப்பன் சார் ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "உங்க தங்கச்சி வீட்டுலேருந்து வரவழைச்சது" என்றார். அப்போது அவர் என் கைகளைக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே செலஸ்டினின் சாரம், அவர் இடுப்பில் கட்டும் கைலி. நீலக் கட்டம். ஓரத்தில் டீசல் கறை. அவர் தங்கல் தொழிலுக்குப் போனபோது வீட்டில் கழற்றிப் போட்டது. போனால் ஒரு வாரம், இரண்டு வாரம் கடலிலேயே தங்கி மீன் பிடித்துவரும் தொழில் அது.

அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. வெளிச்சம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. சோற்றின் ருசி போனது. சில நாட்களில் எல்லாம் பழையபடி ஆனது. கலந்த விளக்கின் முன் உட்கார்ந்தேன், மட்டம். கோலப்பன் சார் பெருமூச்சு விட்டார். கூடவே ஏதோ ஒரு வெட்கமும் அவரிடம் தெரிந்தது. ஒரு மனுஷியைக் கொன்று சலவை செய்து எடுத்துவிட்ட ஆள்போல நின்றார்.

*

பெட்டியைத் திறக்கும் நாள் காலையில் ரஹ்மத் நிஷா வந்தார். கையில் ஒரு பலகார டப்பா.

"தம்மடை கொண்டாந்தேன்க்கா. பிடிக்குமான்னு கேக்க மாட்டேன். ரூல் ஞாபகம் இருக்கு."

நான் வாங்கி வைத்தேன். அவர் கோலப்பன் சாரின் பக்கம் திரும்பினார்.

"சார், காலேஜ்ல பிள்ளைங்களுக்கு நம்ம முறையைச் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தேன். கடைசி பெஞ்சுல ஒருத்தி உறங்கிட்டு இருந்தா, நான் சரியாச் சொன்னாலும் தப்பாச் சொன்னாலும் அவளுக்கு ஒண்ணுதான். அவளைப் பாத்ததும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. ஹில்டாக்காவை நாம கலந்த விளக்கை வச்சுத்தானே சோதிக்கிறோம்?"

"ஆமா."

"நேர் விளக்கைக் காட்டியிருக்கோமா?"

நேர் விளக்கு என்பது இன்னொன்று. ஒரே பக்கமாக உதறும் ஒளி. கருவியைச் சரிபார்க்க வைத்திருப்பார்கள். அதில் கோடு மலைபோல எழுந்தே ஆக வேண்டும்.

"எதுக்கு? இல்லாத மேட்டை இவங்க கொண்டாந்துடக் கூடாதுன்னுதானே நம்ம பயம்" என்றார் சார்.

"நம்ம எல்லாருக்கும் அந்தப் பயம் மட்டுந்தான் இருந்துச்சு. இருக்குற மேடு இவங்க கண்ணுல விழுதான்னு யாருமே பாக்கல."

பிறகு கோலப்பன் சார் தானே போய் நேர் விளக்கை எடுத்து வந்து மாட்டினார். ஒளி சேர்ந்தது. பெட்டி நிறைந்தது. நான் சாரத்தை மடியில் வைத்துக்கொண்டு திரையைத் திறந்தேன்.

மட்டம்.

சார் எழுந்து போய் வயர்களைத் தொட்டுப் பார்த்தார். விளக்கின் மூடியைக் கழற்றி மாட்டினார். "லேம்ப் சரியாத்தான் இருக்கு சார்" என்றார் நிஷா. அவர் குரலில் வெற்றி இல்லை. "அப்ப என்னோட வட்டு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

அந்த மட்டக்கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எந்தத் திரையிலும் இல்லை.

"படகு வராதப்ப எல்லாரும் கோயில்ல உக்காந்து செபமால சொன்னோம்" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "எல்லாப் பொம்பளைங்களும் ஏதாவது சேதி வரட்டும், ஏதாவது சேதி வரட்டும்னு அழுதாங்க. எனக்குத் தெரியும், சேதின்னு வந்தா என்ன சேதி வரும்னு. நான் மட்டும் மாதாகிட்ட ஒண்ணும் வரக் கூடாதுன்னு கேட்டேன். ஒண்ணுமே வராம அப்படியே இருக்கட்டும்னு. அதுக்கப்புறம் அதைக் கேக்குறத நான் நிறுத்தல சார். கேக்குறேன்னே தெரியாமக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

கோலப்பன் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே எத்தனை நட்சத்திரங்கள் என்று அவர் எண்ணுவது தெரிந்தது. நான் பார்த்த பிறகு உலகமே பார்த்து ஒப்புக்கொண்டவை. அவற்றின் ஒளியில் இனி யாருக்கும் ஒரு சேதியும் வராது.

"எனக்குக் கோவம் வரணும்" என்றார் நிஷா. "வர மாட்டேங்குது." பிறகு குனிந்து என் மடியில் இருந்த சாரத்தின் ஒரு முனையைத் தொட்டார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றேன்.

சார் தலையை நிமிர்த்தினார். "நான் பாக்க முடியாது. நிஷாவும் முடியாது. உங்களையும் இனி எதை நம்பிப் பாக்கச் சொல்ல?" சொல்லிவிட்டு யோசித்தார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். விதியை எழுதியவரே அதைக் கேட்டார், மிகவும் மெதுவாக.

"உங்களுக்கு என்ன வேணும், ஹில்டா?"

எனக்குள் அந்தப் பூட்டிய வீட்டில் காலடிச் சத்தம் வாசல்வரை வந்து நின்றது.

"என்னன்னு தெரியணும் சார்" என்றேன். "எதுவா இருந்தாலும் தெரியணும்."

சாரத்தை மடித்து நிஷாவின் கையில் கொடுத்தேன். பார்க்கும் அறைக்குள் போனேன். வழக்கமாக மூடும் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன். வெளியே உப்புப் பாத்திகளின் வெள்ளை. கோலப்பன் சார் வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பொத்தானை அழுத்தினேன். கோடு இடது ஓரத்தில் தொடங்கியது. கொஞ்ச தூரம் மட்டமாகப் போனது. பிறகு எழுந்தது. நான் எதுவும் செய்யவில்லை, மூச்சைக்கூடப் பிடிக்கவில்லை. அது ஏறி, நின்று, சரிந்து, பள்ளத்தில் இறங்கி, மறுபடியும் ஏறியது.

"சார்" என்று கூப்பிட வாயெடுத்தபோதுதான் அதைப் பார்த்தேன். திறந்த கதவுக்கு அப்பால், வெகுதூரத்தில், வாசல் காவலர் வரப்பு வழியே வந்துகொண்டிருந்தார். வெயிலில் வேகமாக நடந்தார். கையில் அலுவலகத்துக் கைபேசியை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார், சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல. முகம் தெரியவில்லை.

"ஹில்டாம்மா" என்ற குரல் முதலில் வந்தது. "உங்க தங்கச்சி லைன்ல இருக்காங்க. அழுதுக்கிட்டே பேசுறாங்க. கடல்ல என்னமோ கெடச்சிருக்காம். நான் என்னம்மா சொல்லட்டும்?"

கோலப்பன் சார் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு வரப்பில் வந்துகொண்டிருந்தவரைப் பார்த்தார். காவலரைத் தடுக்கவா என்று கேட்பதுபோல நிஷாவின் கை பாதி உயர்ந்து நின்றது.

இத்தனை வருடம் அந்த வரப்பில் யாரும் எனக்காக வந்ததில்லை.

"அவரை வரச் சொல்லுங்க" என்றேன்.